ரீகண்டிஷன் ஐ7 நல்லதா, புது ஐ3 நல்லதா? குறைந்த காசில் கேம் விளையாடப் புரொசசர் தெரிவது

4 ஓகஸ்ட் 2025, வாசகர் கேள்வி

அண்ணா, ஏ.எல் முடித்துவிட்டு கம்பஸ் கிடைக்கும் வரை வீட்டில் நிற்கிறேன். இடம் கொக்குவில். கனடாவில் இருக்கும் மாமா கொம்பியூட்டர் எடுக்க ஒன்றரை இலட்சம் தருகிறேன் என்கிறார். மொனிட்டர் அக்காவுடைய பழசு இருக்கிறது, 60 ஹேர்ட்ஸ். டவுனில் ஒரு கடையில் ரீகண்டிஷன் கோர் ஐ7, 16 ஜிபி ராம் போட்ட மெஷின் ஒன்று காட்டினார்கள், 70 ஆயிரத்துக்குள் வருமாம். புது ஐ3 வாங்குவதை விடப் பழைய ஐ7 எப்படியும் திறம்தானே? இப்போதைக்கு வலோரண்ட், ஜிடிஏ 5. பிறகு புதுக் கேம்களும் விளையாட ஆசை.

4 ஓகஸ்ட், இரவு

இல்லைத் தம்பி. அது எந்த ஐ7 என்று கேட்டு வாரும். வெறுமனே "கோர் ஐ7" என்றால் அது 2010ஆம் ஆண்டுச் சரக்காகவும் இருக்கலாம், போன வருடத்துச் சரக்காகவும் இருக்கலாம். பின்னால் வரும் இலக்கத்தில்தான் விஷயம்: 4790 என்றால் நாலாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. கடைக்காரருக்கு வடிவாகத் தெரியாவிட்டால் மெஷினைப் போடச் சொல்லி, டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தைத் திறந்து நீரே பாரும். கேசிங்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.

5 ஓகஸ்ட்

ஐ7-4790 என்கிறீர். நினைத்தது சரி. 2014இல் வந்தது, 4 கோர் (தனித்தனியாக வேலை செய்கிற பகுதி), 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100எஃப் எடுத்தால் அதுவும் 4 கோர், 8 திரெட்தான். இலக்கம் ஒன்று, ஆனால் இடையில் எட்டு வருட வேலை கிடக்கிறது: அதே கடிகார வேகத்தில் ஒவ்வொரு கோரும் செய்து முடிக்கிற வேலை மிக அதிகம், கடிகார வேகமும் கூட. கேமில் பெரும்பாலும் ஒன்றிரண்டு திரெட்டின் தலையில்தான் முக்கியமான பாரம் விழும், அதனால் கோர் ஒவ்வொன்றும் தனியாக எவ்வளவு கெதி என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. 2017இல் பெரிய விலைக்கு விற்ற ஐ7-7700கே-யையே இந்த ஐ3 தாண்டும். 4790 எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாரும்.

அந்த 16 ஜிபி ராமும் உமக்குப் பிறகு உதவாது. அது டிடிஆர்3 என்கிற பழைய வகை. புது மதர்போட் எதிலும் ஏறாது.

5 ஓகஸ்ட், பின்னேரம்

புரொசசரை விடப் பெரிய கரைச்சல் அந்தக் கேசிங்கில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. இந்த ரீகண்டிஷன் மெஷின்கள் வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்தவை. அநேகமானவற்றின் பவர் சப்ளை சின்னது, விஜிஏ-க்கு (படம் கீறுகிற கிராபிக்ஸ் கார்ட்டுக்கு) தனியாகக் கரண்ட் கொடுக்கிற 6 பின், 8 பின் வயர் இருக்காது. மதர்போட்டுக்குப் போகிற பிளக்கும் அந்தக் கம்பனிக்கே உரிய வடிவம், கடையில் வாங்கும் சாதாரண பவர் சப்ளையைக் கொழுவ முடியாது. மெல்லிய கேசிங் என்றால் முழு உயரக் கார்ட்டும் ஏறாது. மிஞ்சுவது ஸ்லொட்டிலிருந்து வரும் 75 வாட் மட்டும். அதற்குள் ஓடக்கூடியவை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, 70 வாட்டில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போல ஒருசில கார்ட்டுகள்தான். நாளைக்கு நல்ல கார்ட் ஒன்று மலிவாக வந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் தருகிற இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிகிறது. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் புரொசசரை ஏற்கும். குறுக்கு வழியில் ஏற்றலாம், பலர் ஏற்றியும் இருக்கிறார்கள், ஆனால் விண்டோஸ் 11இல் வலோரண்ட் திறக்க டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் என்கிற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் மெஷினில் வேண்டும். நீர் முதலாவதாகச் சொன்ன கேமே அதுதான்.

7 ஓகஸ்ட்

சுன்னாகத்திலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், தன்னுடைய 4790இல் ஜிடிஏ 5 இன்னும் வடிவாக ஓடுகிறதாம். ஓடும். அந்தக் கேம் கணினிக்கு வந்தது 2015 ஏப்ரலில், இந்தப் புரொசசர் காலத்துக் கேம். வீட்டில் இருப்பவர் வைத்து விளையாடட்டும், எறியச் சொல்லவில்லை. ஆனால் மாமா ஒருமுறை தருகிற காசில் பாதியை 2014ஆம் ஆண்டுக்குள் போடாதே என்று ஒரு பொடியனுக்குச் சொல்வது என் கடமை. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

10 ஓகஸ்ட்

சரி, அப்படியென்றால் எதை வாங்குவது?

முதலில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்ப்போம். எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எங்கே போகிறது, வீதியில் எத்தனை வாகனம் ஓடுகிறது, இதையெல்லாம் கணக்குப் போட்டு "இந்தப் படத்தைக் கீறு" என்று விஜிஏ-க்குக் கட்டளை கொடுப்பது புரொசசர். கீறுவது விஜிஏ. புரொசசர் செக்கனுக்கு 120 கட்டளைதான் கொடுக்கும் என்றால் எவ்வளவு பெரிய விஜிஏ போட்டாலும் 120 பிரேமைத் தாண்டாது. மாறாக, விஜிஏ 50 படம்தான் கீறும் என்றால் மூன்று இலட்சத்துப் புரொசசரும் 50இல்தான் நிற்கும். எது தடுக்கிறது என்று அறியச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது: கேமுக்குள் போய் ரெசலூஷனைக் குறைத்துப் பாரும். பிரேம் ஏறினால் விஜிஏ தடுத்தது. ஏறாமல் அதே இடத்தில் நின்றால் புரொசசர் தடுக்கிறது.

உம்மிடம் இருப்பது 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர். அது செக்கனுக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. 60க்கு மேல் போனால் மவுஸுக்கு வருகிற மறுமொழி கொஞ்சம் கெதியாகும், அது உண்மை, வலோரண்ட் விளையாடுபவர்களுக்கு அது விளங்கும். ஆனால் அதற்காகப் பெரிய புரொசசர் தேவையில்லை. யூடியூபில் காட்டும் ஒப்பீடுகளில் அநேகமாக உலகத்திலேயே விலை கூடிய விஜிஏ-யைப் போட்டுத்தான் புரொசசர்களைச் சோதிப்பார்கள். புரொசசர்களுக்குள் உள்ள வித்தியாசம் தெரிய அப்படித்தான் செய்ய வேண்டும், அதில் பிழையில்லை. ஆனால் நீர் போடப்போகும் கார்ட்டுடன் அந்த வித்தியாசத்தில் பாதி காணாமல் போய்விடும்.

ஆகவே இன்றைக்கு உம்முடைய காசுக்கு இந்த ஐந்தைச் சுற்றித்தான் வரலாம்: ஏஎம்டி கம்பனியின் ரைசன் 5 5600, ரைசன் 5 5500, ரைசன் 5 5600ஜி, இன்டெலின் ஐ5-12400எஃப், ஐ3-12100எஃப். முதல் நாலும் 6 கோர், 12 திரெட். என் தெரிவு 5600. இன்டெல் பக்கம் போக விருப்பம் என்றால் 12400எஃப், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தட்டில்தான். கடையில் மதர்போட்டும் சேர்த்து எது மலிவோ அதை எடும்.

11 ஓகஸ்ட்

நேற்று எழுதியதில் 5500ஐயும் 5600ஐயும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போனதால் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கிறார்கள். ஒன்றில்லை. 5600க்குள் 32 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது, 5500க்கும் 5600ஜி-க்கும் 16 எம்பிதான். புரொசசர் அடிக்கடி கேட்கிற தரவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிற இடம் அது. அங்கே இல்லாவிட்டால் ராம் வரை போய் வர வேண்டும், கேமில் அந்தத் தாமதம் படம் திக்கித் திக்கி ஓடுவதாகத் தெரியும். 96 எம்பி போட்ட 5800எக்ஸ்3டி 2022இல் வந்தபோது எல்லோரும் ஏன் அதன் பின்னால் ஓடினார்கள் என்றால் இதனால்தான். விஜிஏ-யுடன் பேசுகிற பாதையான பிசிஐஇ-யும் வேறு: 5500க்கும் 5600ஜி-க்கும் 3.0, 5600க்கு வேகம் கூடிய 4.0. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நாலு பாதை மட்டும் உள்ள மலிவு விஜிஏ-களில் இது வலிக்கும். ஆர்எக்ஸ் 6600இல் எட்டுப் பாதை, பெரிதாகத் தெரியாது.

இன்டெலில் கடைசி எழுத்து "எஃப்" என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. 5600, 5500 இரண்டிலும் இல்லை. விஜிஏ போடாவிட்டால் மொனிட்டரில் ஒன்றும் வராது. போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே என்று கேபிளைக் கொழுவிவிட்டு மெஷின் செத்துவிட்டது என்று கொண்டுவருபவர்கள் நிறைய.

17 ஓகஸ்ட்

நல்லூர்த் திருவிழா நேரம் டவுனுக்குள் போனேன், கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் விலை விசாரித்தேன். புரொசசர் கொழும்பில் யுனிட்டி பிளாசாவில் மலிவு என்பது இன்னும் உண்மைதான், இரவு பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவார்கள். முன்பெல்லாம் எல்லாவற்றையும் கொழும்பிலிருந்தே எடு என்று சொல்வேன். இப்போது அப்படிச் சொல்ல மனமில்லை. மதர்போட்டும் பவர் சப்ளையும் வொரண்டிக்குப் போக வாய்ப்புள்ள சாமான்கள். கொழும்புக் கடைக்குத் திருப்பி அனுப்பி, அவர்கள் ஏஜென்டுக்கு அனுப்பி, ஆறுதலாகத் திரும்பி வரும் வரை மெஷின் மேசையில் கிடக்கும். அந்த இரண்டையும் யாழ்ப்பாணத்திலேயே எடும், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. புரொசசரை எங்கேயும் எடுக்கலாம், அது இலேசில் பழுதாகிற சாமான் இல்லை.

24 ஓகஸ்ட்

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு "அப்படியென்றால் பாவித்த புரொசசர் வாங்கலாமா" என்று கேட்டிருக்கிறார் தம்பி. தாராளமாக வாங்கலாம். கொம்பியூட்டருக்குள் பயமில்லாமல் பழசாக வாங்கக்கூடிய சாமான்களில் முதலாவது அதுதான். அதற்குள் ஓடித் தேய எதுவும் இல்லை, வோல்டேஜைக் கண்டபடி கூட்டி ஓட்டியிருக்காவிட்டால் பத்து வருடம் போனாலும் அதே வேகத்தில் ஓடும்.

ஆனால் ஏஎம்4 என்கிற, இந்த ரைசன்கள் பூட்டுகிற சொக்கெட்டில் பின் புரொசசரில்தான் இருக்கிறது, 1331 பின். மானிப்பாயில் ஒருவர் அதற்கு அடுத்த சொக்கெட்டான ஏஎம்5க்கு மாறுகிறார் என்று அவருடைய 5600ஐக் கழற்றப் போயிருந்தேன். சூட்டைக் கடத்தப் பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து கூலரும் புரொசசரும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், கூலரை இழுக்கும்போது சொக்கெட் பூட்டியிருந்தாலும் புரொசசர் அதனுடன் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், வரும் வழியில் பின் வளையும். அதனால் கழற்றுவதற்கு முன் ஒரு கேமைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினோம். நிறுத்தி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூவை மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகினோம். சேற்றிலிருந்து கால் எடுப்பது போல ஒரு சத்தத்துடன் அது தனியாக வந்தது. புரொசசரைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் வரிசை வரிசையாகப் பின் தெரியும், நேரான வரிசையில் ஒன்று சரிந்திருந்தால் உடனே கண்ணில் படும். பொன்நிற முக்கோணம் உள்ள மூலைக்குப் பக்கத்தில் இரண்டு சரிந்திருந்தன, முதல்முறை பூட்டியபோதே நடந்திருக்க வேண்டும். லெட் போடாத மெக்கானிக்கல் பென்சிலின் நுனியை அந்தப் பின்னுக்கு மேல் விட்டு ஒரு மயிரளவு நிமிர்த்தினேன், ஒரே தரத்தில் நிமிர்த்தப் போனால் முறியும். பிறகு எந்த அழுத்தமும் இல்லாமல் சொக்கெட்டில் தானாக விழுந்தது. அழுத்த வேண்டி வந்தால் எங்கோ பிழை என்று அர்த்தம், நிறுத்திவிட வேண்டும்.

இன்டெலில் 12ஆம் தலைமுறையில் பின் மதர்போட்டில் இருக்கிறது. அங்கே பழைய போட் வாங்கும்போதுதான் சொக்கெட்டுக்குள் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

25 ஓகஸ்ட்

மறந்துவிட வேண்டாம், பவர் சப்ளை மட்டும் புதிது. கேசிங்குடன் இலவசமாக வருவது வேண்டாம். பெயர் தெரிந்த கம்பனியின் 500 அல்லது 550 வாட் போதும். அங்கே மிச்சம் பிடித்த காசு பிறகு மதர்போட்டாகவும் விஜிஏ-யாகவும் எரிந்து போவதை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

6 செப்டெம்பர்

பருத்தித்துறையிலிருந்து ஒரு தங்கச்சி, 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் பழுதாகிறது என்கிறார்களே, 12400எஃப் வாங்கலாமா என்று கேட்கிறா. வாங்கலாம். வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறி நாளடைவில் புரொசசர் தளம்பத் தொடங்குகிற அந்தக் குறைபாடு 13, 14ஆம் தலைமுறைக்குரியது. இன்டெல் 2024 ஓகஸ்டில் மைக்ரோகோட் (புரொசசரின் உள் மென்பொருள்) திருத்தம் விட்டது, பாதிக்கப்பட்ட வகைகளுக்கு வொரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. 12ஆம் தலைமுறை அதில் இல்லை. ஆனால் யாராவது பாவித்த 13900கே-யை ஆசைவிலைக்குத் தந்தால் பாவித்த புரொசசருக்குப் பயமில்லை என்று நான் மேலே எழுதியதை நம்பி வாங்க வேண்டாம். அந்தப் பேச்சுக்கு இது ஒரு விதிவிலக்கு.

20 செப்டெம்பர்

தம்பி கணக்கெழுதி அனுப்பியிருக்கிறார்: 5600, அதனுடன் பாவித்த ஆர்எக்ஸ் 580 8 ஜிபி விஜிஏ. அல்லது 5600ஜி மட்டும், விஜிஏ பிறகு.

இரண்டையும் வைத்துக் கனநேரம் யோசித்தேன். 5600ஜி-க்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸ் வலோரண்டுக்குத் தாராளம், ஜிடிஏ 5உம் செட்டிங்கைக் குறைத்தால் ஓடும். 8 ஜிபி ராம் இரண்டாகப் போட வேண்டும், 16 ஒன்றாகப் போட்டால் கிராபிக்ஸ் பாதி மூச்சில்தான் ஓடும், ஏனென்றால் அது ராமையே தன் நினைவகமாகப் பாவிக்கிறது. விஜிஏ பழுதாகிப் போனாலும் படம் வரும் என்பதும் சின்ன விஷயமில்லை. ஆனால் அவருக்குக் காசு ஒருமுறைதான் வருகிறது, "விஜிஏ பிறகு" என்பது கம்பஸ் போனபின் நடக்குமா?

ஆர்எக்ஸ் 580இலும் மனம் ஒட்டவில்லை. 2017 கார்ட், 185 வாட் இழுக்கும், ஏஎம்டி அந்தக் குடும்பத்துக்கு டிரைவர் வேலையைக் குறைத்துவிட்டது. சந்தையில் கிடப்பவற்றில் பல கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை. 580 என்ற பெயரிலேயே 2304க்குப் பதில் 2048 ஷேடர் (படம் கீறும் சின்னக் கணக்கு அலகு) உள்ள வகையும் விற்கிறார்கள், ஜிபியு-இசட் என்கிற, கார்ட்டின் விபரம் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் விட, ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டுக் கீறும் வசதி) இல்லாமல் திறக்கவே மாட்டோம் என்கிற கேம்கள் வரத் தொடங்கிவிட்டன. 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் அப்படி ஒன்று. 580இல் அது இல்லை. 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600இல் இருக்கிறது, 132 வாட்தான் கேட்கும்.

ஆகவே நான் ஓகஸ்ட் 10 எழுதியதை இப்படி மாற்றிப் படியும்: புதுக் கேம் விளையாட வேண்டும் என்றால், 5600உம் 580உம் வாங்குவதை விட ஐ3-12100எஃப் அல்லது 5500உம் ஆர்எக்ஸ் 6600உம் வாங்குவது நல்லது. புரொசசரில் ஒரு படி இறங்கி விஜிஏ-யில் இரண்டு படி ஏறுவது. 12100எஃப் வந்தபோது அதன் விலை 97 டொலர்தான், குறைந்த காசுக்காரருக்கென்றே செய்த சாமான்.

21 செப்டெம்பர்

மானிப்பாய்க்காரர் அந்த 5600ஐயும் அது பூட்டியிருந்த பி450 மதர்போட்டையும் சேர்த்தே தருகிறாராம். தம்பியும் தகப்பனுமாகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள், விலை 12100எஃப் கணக்குக்குள் வந்துவிட்டது, அப்படியே 6600க்கும் காசு மிஞ்சுகிறது. இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது, எடும். மதர்போட்டை யாழ்ப்பாணத்தில் புதிதாக எடு என்று சொன்னேன்தான், ஆனால் ஓடிக்கொண்டிருந்த மெஷினிலிருந்து கண்முன்னே கழற்றித் தருகிற போட் வேறு. பயோஸும் (மெஷினை எழுப்புகிற, மதர்போட்டுக்குள் இருக்கும் மென்பொருள்) ஏற்கெனவே ரைசன் 5000 தொடருக்கு ஏற்றியாயிற்று. பழைய பி450 ஒன்றைத் தனியாக வாங்கியிருந்தால் பயோஸ் ஏற்ற முந்தின ரைசன் ஒன்றைக் கடன் கேட்டுத் திரிய வேண்டி வந்திருக்கும்.

12 ஒக்டோபர்

பூட்டியாயிற்று, ஓடுகிறது. ஆனால் எதிர்பார்த்த பிரேம் வரவில்லை என்று போன் எடுத்தார். போய்ப் பார்த்தால் ராம் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஸ்லொட்டில், வேகம் 2400. பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் பயோஸில் எக்ஸ்எம்பி என்கிற, ராமை அதன் முழு வேகத்துக்கு ஓடவிடும் செட்டிங்கைப் போடும் வரை ராம் மெதுவாகத்தான் ஓடும். இரண்டாவது, நாலாவது ஸ்லொட்டுக்கு மாற்றி எக்ஸ்எம்பி போட்டோம். ரைசனுக்கு இது வெறும் ராம் விஷயமில்லை, உள்ளே இருக்கும் தொடர்பு வழியின் வேகமும் ராமுடன் சேர்ந்தே ஏறும். வலோரண்டில் வித்தியாசம் உடனே தெரிந்தது, பொடியனின் முகத்திலும் தெரிந்தது.

செக்கியூர் பூட்டும் அன்றே போட்டுவிட்டேன், வலோரண்டுக்கும் வேண்டும், நேற்று முன்தினம் வந்த பட்டில்ஃபீல்ட் 6உம் கேட்கிறது. டிஸ்க் ஜிபிடி என்கிற புதுப் பிரிப்பு முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய எம்பிஆர் டிஸ்க்கை வைத்துக்கொண்டு பயோஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் எழுப்பும் வசதியை) நிறுத்தினால் விண்டோஸ் எழும்பாது.

2 நவம்பர்

ராம் விலை ஏறத் தொடங்கிவிட்டது. ஏஐ தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போகின்றன, டிடிஆர்5 மட்டுமல்ல, டிடிஆர்4உம் ஏறுகிறது. "ஏஎம்5க்குப் போகட்டுமா, 7500எஃப் நல்லதாமே" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். நல்ல புரொசசர், 2027 வரையும் அதற்குப் பிறகும் அந்தச் சொக்கெட்டுக்குப் புதுப் புரொசசர் விடுவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. காசு இருந்தால் போங்கள். ஒன்றரை இலட்சக் கணக்கில் இப்போது அது வராது, அது கேட்கிற டிடிஆர்5 ராமே ஒரு பெரிய துண்டை விழுங்கிவிடும். எந்தப் பக்கம் போனாலும் ராமை முதலில் வாங்கி வையுங்கள், புரொசசர் பிறகு.

9 நவம்பர்

யூபிஎஸ் எவ்வளவு போட வேண்டும், புரொசசர் 80 பாகை காட்டுகிறது பயமா, இரண்டு கேள்வி.

80க்குப் பயமில்லை, 5600இன் எல்லை 90, 12400எஃப்-இன் எல்லை 100. சித்திரை வெயிலில் இன்னும் ஏறும். வலிகாமம் பக்கம் செம்மண் புழுதிதான் பெரிய எதிரி, கூலரின் தகடுகளுக்கு நடுவே பிடித்துக் கம்பளி மாதிரி ஆகிவிடும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் தட்டி எடுங்கள், சுற்றவிட்டு ஊத வேண்டாம். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் மெஷினைக் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்க வேண்டாம், உப்புக் காற்று ஸ்லொட்டைத் தின்னும்.

யூபிஎஸ் விளையாடி முடிக்க இல்லை, சேவ் பண்ணி நிறுத்த. 5600உம் 6600உம் கேம் ஓடும்போது சேர்ந்து 200 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும், மொனிட்டரும் உண்டு. பெட்டியில் 650 விஏ என்று எழுதியிருந்தாலும் வாட் கணக்கு அதைவிடக் குறைவு, அந்த இலக்கத்தைத் தேடிப் பார்த்து 300க்கு மேல் உள்ளதாக எடுங்கள். பயோஸ் ஏற்றும்போது அது கட்டாயம் கொழுவியிருக்க வேண்டும், நடுவில் கரண்ட் போனால் போட் எழும்பாமல் போகலாம்.